அவன் பெயரில் ஒரு கார்டு

தாராவியில் ஒரு டாக்டரின் தவாகானாவில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். காலையில் கூட்டித் துடைப்பேன், ஊசி போட்ட பஞ்சை அள்ளிப் போடுவேன். ஆனால் டாக்டர் என்னை வைத்துக்கொண்டது அதற்காக இல்லை. பெண்கள் உள்ளே வந்து படுத்தால் திரைக்குப் பின்னால் பக்கத்தில் ஒரு பொம்பளை நிற்க வேண்டும். ஆம்பளை டாக்டர், தனியாக வைத்துப் பார்த்தார் என்று யாரும் ஒரு பேச்சு சொல்லிவிடக் கூடாது. அதற்குத்தான் நான். சேலை விலகினால் இழுத்து விடுவேன். தையல் போடும்போது கையைப் பிடித்துக்கொள்வேன். வாயைத் திறக்கிற வேலை எதுவும் இல்லை. எனக்கும் நாலு பேர் முன்னால் பேச்சு வராது. அதனால் எனக்கென்றே அமைந்த வேலை என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

டாக்டர் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர். நம்ம பேச்சு பேசுகிறவர் என்பதால் எங்கள் வரிசை வீட்டுச் சாலில் இருந்து அடுத்த நாலு தெரு வரைக்கும் எல்லாக் குடும்பமும் அவரிடம்தான் வரும். பிள்ளைக்குக் காய்ச்சல், பெரியவருக்குச் சர்க்கரை, மகனுக்குப் பெண் பார்க்கலாமா வேண்டாமா, எல்லாவற்றுக்கும் அவர்தான். எங்கள் ஊர்க்காரர்கள் சங்கத்திலும் பொறுப்பில் இருந்தார். ஊரிலிருந்து பெண் கட்டிக்கொண்டு வந்தால் முதல் வாரமே அவளை அங்கே கூட்டி வருவார்கள். "டாக்டர், இது நம்ம வீட்டுக்கு வந்த பொண்ணு. கார்டுல சேத்துக்கிடுங்க" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொள்வார், கூடவே ஒரு சத்து டானிக்கும் எழுதிக் கொடுப்பார்.

கார்டு என்றால் தடித்த மஞ்சள் அட்டை. ஒரு குடும்பத்துக்கு ஒன்று. மேலே ஆம்பளையின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே அந்த வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் அதிலேயே எழுதுவார். பெண்டாட்டிக்கு வந்தது என்றால் ஓரத்தில் இங்கிலீஷில் ஒரே ஒரு எழுத்துப் போடுவார். அவள் பெயர் எங்கேயும் இருக்காது. நான் படித்தது நாலாம் வகுப்பு. இருந்தாலும் அந்த ஒரு எழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். கார்டுகளைத் தெருவாரியாக எடுத்துக் கொடுப்பது நான்தானே.

உதடு கிழிந்து வருவார்கள். விலா வீங்கி வருவார்கள். கூட வந்த புருஷன்தான் பேசுவான். "மோரியில வழுக்கி விழுந்துட்டா டாக்டர்." எங்கள் ஒற்றை அறைக் கோலிகளில் மோரி என்பது மூலையில் பாத்திரம் கழுவ, குளிக்க என்று கட்டிய இரண்டடிச் சதுரம். அதில் உட்கார்ந்து எழுந்திருக்கவே சுவரைப் பிடிக்க வேண்டும். வழுக்கி விழ அங்கே இடம் எங்கே இருக்கிறது? டாக்டரும் அந்த மாதிரிக் கோலிக்குள் நூறு தடவை வந்து ஊசி போட்டவர்தான். அவருக்குத் தெரியாதா. ஆனாலும் தலையைத் தூக்காமல் எழுதுவார். எழுதி முடித்து, "தரைய ஈரம் இல்லாம வச்சுக்கிடணும்மா" என்று புத்தி வேறு சொல்வார்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் சாலுக்கு அடுத்த சால். புருஷன் பை தைக்கிற காரகானா வைத்திருந்தான், அவனும் இரண்டு கூலி ஆட்களும் தைப்பார்கள். கல்யாணம் ஆகி ஆறு வருடம். ஒரு பெண் குழந்தை. அவள் என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். ஒருதரம் பொங்கலுக்கு முந்தின வாரம் அவளுக்கு உதட்டில் இரண்டு தையல் விழுந்தது. அப்போது என் கையை அவள் பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்துவிட்டது.

ஆடி மாதம், நல்ல மழை. அன்று புருஷன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். இடது காதில் பஞ்சு வைத்திருந்தாள். பஞ்சு சிவந்திருந்தது.

"பட்ஸ் போட்டுக் குடஞ்சிருக்கா டாக்டர்" என்றான் அவன். "சொன்னா கேக்க மாட்டா. மொபைலப் பாத்துக்கிட்டே குடையுதது."

"ஏம்மா, காது என்ன கெணறா, தூர் வாருததுக்கு?" என்றார் டாக்டர்.

புருஷன் சிரித்தான். நல்ல நகைச்சுவையைக் கேட்ட மாதிரி என்னையும் பார்த்துச் சிரித்தான். திரைக்குள் அவள் தலையை நான் ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்தேன். தாடைக்குக் கீழே நாலு விரலும் பதிந்திருந்தது. டாக்டர் லைட் அடித்து அந்தத் தாடையைத் தாண்டித்தான் காதைப் பார்த்தார். ஜவ்வு கிழிந்திருக்கிறது, சொட்டு மருந்து போடு, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள் என்றார். கார்டில் எழுதினார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

மூன்று வாரம் போயிருக்கும். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அவள் தனியாக வந்தாள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளையைக் கூப்பிடப் போகிற சாக்கு. உள்ளே நுழைந்ததும் ஸ்டூலில் உட்காரக்கூட இல்லை.

"டாக்டர், நான் ஒண்ணும் குடையல. அவிய அடிச்சதுதான். கையாலதான். இப்ப அந்தப் பக்கம் பேசுனா எனக்கு ஒண்ணும் கேக்க மாட்டேங்கு."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "சரி."

"முன்னால உதடு கிழிஞ்சதும் அதான். ஒரு காயிதத்துல எழுதித் தாங்க டாக்டர். என் பேரு போட்டு."

"எதுக்கும்மா?"

"எங்க அக்கா கோவண்டியில இருக்கா. டாக்டர் காயிதம் இருந்தா போலீசுல பேச முடியும்னு சொல்லுதா. நான் பிள்ளையத் தூக்கிட்டு அங்க போயிருவேன். ஆனா சும்மா போனா இவிய வந்து பிள்ளையப் பிடுங்கிட்டுப் போயிருவாவ. அதுக்குத்தான் காயிதம்."

டாக்டர் கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டினார். "நீ வீட்டுக்குப் போ. இதை யாருட்டயும் மூச்சு விடாத. நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அவள் வெளியே வந்ததும் நான் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தேன். "டாக்டர் சொல்லிட்டாவல்லா, பாத்துக்கிடுவாவ. தைரியமாப் போ" என்றேன். பத்தொன்பது வருடத்தில் ஒரு பேஷண்டுக்கு நானாகச் சொன்ன தைரியம் அது ஒன்றுதான். அந்த வாயை இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை பதினோரு மணிக்கு, புருஷன் உள்ளே வந்தான். பின்னாலேயே அவள். டாக்டர்தான் போன் போட்டு வரச் சொல்லியிருக்கிறார். முகம் எல்லாம் சிரிப்பாக இருந்தார். பக்கத்துக் கடையில் மூன்று டீயும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தேன். வைத்துவிட்டுச் சுவர் ஓரம் நின்றேன். பெண் பேஷண்ட் உள்ளே இருக்கிறாளே, நான் நிற்க வேண்டுமே.

"ஏல, உக்காரு. என்னமோ கைய நீட்டுதியாமே?"

"யாரு சொன்னா டாக்டர்?"

"வேற யாரு, உம் பொஞ்சாதிதான் வந்து உக்காந்து சொன்னா. காயிதம் எழுதித் தாங்கங்கா. போலீசுக்குப் போவாளாம். கோவண்டி அக்காகாரி சொல்லிக் குடுத்திருக்கா. பிள்ளையத் தூக்கிட்டு அங்க போயிருவாளாம்."

ஒன்று விடவில்லை. அவள் வைத்திருந்தது அத்தனையும் அந்த மேஜையில் பரப்பி வைத்தார். போலீஸ், அக்கா, கோவண்டி, பிள்ளை. அவள் டாக்டரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். புருஷன் அவளைப் பார்த்துச் சிரித்தான். நான் அவனுடைய அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

"வீடுன்னா அப்பிடி இப்பிடி இருக்கத்தான் செய்யும் டாக்டர்" என்றான்.

"இருக்கும்ல. யாரு இல்லன்னா? ஆனா தலையில அடிக்காத. தலை, காது, கண்ணு இதெல்லாம் நரம்பு ஓடுத எடம். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா நீதான் கெடந்து அலையணும்."

"சரி டாக்டர்."

"நீயும் அவன் வேலை முடிஞ்சு வரும்போது வாய்க்கு வாய் பேசாதம்மா. எடுத்துக்கோ, பிஸ்கட் எடுத்துக்கோ."

அவள் எடுக்கவில்லை. புருஷன் எடுத்தான். டீயில் முக்கினான், ஊறின துண்டு அறுந்து உள்ளே விழுந்துவிட்டது. விரலை விட்டுத் துழாவி எடுத்து வாயில் போட்டு, அந்த விரலையும் சப்பினான். அந்த நாலு விரலின் தடத்தை நான் அவள் தாடையில் பார்த்திருக்கிறேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு டாக்டர் என்னிடம் சொன்னார்: "பாத்தியாம்மா, ஒரு டீயில முடிச்சாச்சு."

ஐந்தாம் நாள் மத்தியானம் அவள் என் கோலி வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் பிள்ளை. ஒரு கைதான் பிள்ளையைப் பிடித்திருந்தது. இன்னொரு கை மணிக்கட்டு வீங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இழுத்து உட்கார வைத்து முதுகைப் பார்த்தேன். அதை எழுத வேண்டாம்.

"தலையில அடிக்கல பெரியம்மா" என்றாள். "டாக்டர் சொன்னாவல்லா."

அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. கடையில் என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். நான்தான் எழுந்து போய் மோரியில் வாந்தி எடுத்தேன்.

அன்று நான் மத்தியான வேலைக்குப் போகவில்லை. கோவண்டிக்குப் போன் போட்டு அக்காவை வரச் சொன்னோம். மூன்று பேரும் பிள்ளையுமாகப் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளையை அக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இவளை வார்டில் சேர்த்தார்கள். அங்கே ஒரு டாக்டர் பெண், சின்ன வயது, மராட்டிக்காரி. முதலில் அவள் செய்தது, பக்கத்தில் இருந்த அத்தனை பேரையும், என்னையும் சேர்த்து, வெளியே போகச் சொன்னதுதான். இவளை மட்டும் உள்ளே வைத்து ஹிந்தியில் ஏதோ கேட்டாள். மூடின கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது, இத்தனை வருடத்தில் எங்கள் டாக்டர் ஒரு புருஷனைக்கூட இப்படி வெளியே போகச் சொன்னதில்லை. வெளியே போ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

காதில் சீழ் வைத்திருந்தது. இனி கேட்பது கஷ்டம் என்றார்கள். முன்னால் பார்த்த டாக்டரின் காகிதம் இருந்தால் நல்லது, இது ஒரு நாள் நடந்ததில்லை என்று தெரியும், நாளைக்குக் கொண்டு வாருங்கள் என்றாள் அந்த டாக்டர் பெண்.

சாயங்காலம் தவாகானாவுக்குப் போனேன். கூட்டம் கலையும் வரை நின்றேன். அவருக்கு நான் நன்றி கெட்டவள் ஆகக் கூடாது என்ற எண்ணமும் இருந்தது. என் வீட்டுக்காரர் கடைசியாகக் கிடந்தபோது முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து ஊசி போட்டவர் அவர். அதை நினைத்துக்கொண்டேதான் கேட்டேன்.

"அந்தப் பொண்ணு கார்டுல எழுதுனதுக்கு ஒரு நகல் வேணுமாம்."

"யார் பேர்ல கார்டு இருக்கு?"

"அவன் பேர்ல."

"அப்ப அவன் வந்து கேக்கட்டும்."

"அடி அவளுக்குல்லா பட்டிருக்கு."

நான் பதில் பேசினது அவருக்கு ஆச்சரியம். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார்.

"இன்னைக்கு இவளுக்கு எழுதிக் குடுத்தா நாளைக்குத் தெருவுல பாதிப் பொம்பளைக வந்து வாசல்ல நிப்பாளுவ. அப்புறம் எவன் குடும்பத்தோட இங்க வருவான்? நான் குடும்ப டாக்டர்ம்மா. குடும்பத்தப் பிரிக்கிற டாக்டர் இல்ல."

பாதி என்று அவர் வாயாலேயே சொன்னார். அவருக்குக் கணக்காகத் தெரிந்திருக்கிறது. எந்த வீடு, எந்தக் கை, எந்த விலா, எல்லாம் தெரிந்துதான் தரையை ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அந்த ஊறின பிஸ்கட்டைவிட இது அருவருப்பாக இருந்தது. டெட்டால் வாசனை மூக்கில் ஏறியது. பத்தொன்பது வருடம் நான் துடைத்த தரை. சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை வெறுங்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிடைக்கவில்லை என்றேன். டாக்டர் பெண் என்னை உட்காரச் சொன்னாள். நீங்கள் யார் என்று கேட்டாள். அந்தத் தவாகானாவில் நிற்கிறவள் என்றேன். எங்கே நிற்பீர்கள்? திரைக்குள். என்ன பார்த்தீர்கள்?

என் ஹிந்தி மார்க்கெட்டில் காய் வாங்குகிற ஹிந்தி. அதில் சொன்னேன். ஆடியில் காது, தாடையில் நாலு விரல். பொங்கலுக்கு முந்தின வாரம் உதடு, தையல் இரண்டு. அதற்கு முந்தின வருடம், பிள்ளைக்குப் பால் மறக்கடித்த சமயம், வலது விலா. ஆடி என்றால் அவளுக்குப் புரியவில்லை, மழை நாளில் என்றேன். அவள் அவசரப்படுத்தாமல் எழுதிக்கொண்டாள். பிறகு ஒரு காகிதம் எழுதி முத்திரை வைத்தாள். மேலே பேஷண்ட் பெயர் என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் பெயர். புருஷன் கையால் அடித்தது என்று பேஷண்ட் சொல்கிறார், காயங்கள் அதற்குப் பொருந்துகின்றன என்று எழுதியிருப்பதாக வாசித்துக் காட்டினாள். ஆஸ்பத்திரியிலேயே இந்த மாதிரி அடிபட்டு வருகிற பெண்களுக்கு உதவி செய்ய ஒரு அறை இருந்தது. அங்கே கொண்டு போய்விட்டார்கள். அங்கிருந்து அவள் தாராவிக்குத் திரும்பவில்லை, நேரே கோவண்டிதான்.

நான் வேலையை விட்டுவிட்டேன். நேரில் போய்ச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி அனுப்பினேன். எனக்கு முடிந்தது அவ்வளவுதான்.

நாலைந்து மாதம் கழித்து கோவண்டியிலிருந்து வரச் சொன்னார்கள். போனேன். அக்கா வீட்டில் ஒரு வக்கீலம்மா இருந்தாள். அந்த ஆஸ்பத்திரி அறை மூலமாக வந்தவள். புருஷன் கோர்ட்டில் பிள்ளையைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். அதோடு இரண்டு காகிதம் வைத்திருக்கிறான். ஒன்று எங்கள் டாக்டரின் லெட்டர்ஹெட்டில். இந்தக் குடும்பத்தை எனக்குப் பல வருடமாகத் தெரியும், கணவர் நல்ல மனிதர், மனைவி பட்ஸ் போட்டுத் தானே காதைக் கெடுத்துக்கொண்டார், அவசரப் புத்தி உள்ளவர், அவரையும் கணவரையும் நானே உட்கார வைத்துச் சமாதானம் செய்திருக்கிறேன் என்று. இன்னொன்று அந்த மஞ்சள் கார்டின் நகல்.

அவன் கேட்டான், கிடைத்துவிட்டது. காதுக்கு எழுதித் தாருங்கள் என்று இவள் கேட்டபோது பேனாவை மூடி வைத்த கைதான் இதை எழுதியிருக்கிறது. வக்கீலம்மா ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல எனக்கு அந்த நகலைத் தொடவே கூசியது. மோரி, மோரி, பட்ஸ். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அந்த ஒரு எழுத்து. அந்த நாளெல்லாம் நான் உள்ளே இருந்திருக்கிறேன். அந்தப் பொய்யை எழுதக் கார்டை எடுத்துக் கொடுத்தது நான்.

"நீங்க வந்து சொன்னா இந்த லெட்டர் நிக்காது" என்று வக்கீலம்மா சொன்னதை அக்கா தமிழில் சொன்னாள். "வருவியளா பெரியம்மா? எங்க, நீங்கதான் கடைக்காரன்ட்ட மிச்சக் காசு கேக்கவே கூச்சப்படுவியளே" என்றாள் தங்கை.

"என்னைக்கு வரணும்?" என்று கேட்டேன்.

வக்கீலம்மா தேதி சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளை ஓரத்தில் பென்சில் வைத்துக் கிறுக்கிக்கொண்டிருந்தது. பிள்ளையை அவனிடம் கொடுத்துவிடுவார்களோ என்று அம்மாக்காரி அதன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க, சொல்லுங்க பாப்போம். நான்தான் ஜட்ஜு."

சொன்னேன்.

"இப்பிடி மொனங்குனா அங்க எழுதுதவருக்கே கேக்காது பெரியம்மா. எனக்காவது ஒரு காதுன்னு சாக்கு இருக்கு."

"ஏளா, அவியள வெரட்டாத" என்றாள் அக்கா.

"வெரட்டல. 'அவ புருஷன் அடிச்சான்'னு வரும்போது மட்டும் கொரல் உள்ள போயிருது. அதத்தான சொல்லணும்?"

அவள் சொன்னது சரிதான். மற்ற எல்லாம் வந்தது. தேதி, தையல், மழை, எல்லாம் வந்தது. அந்த ஒரு சொல் மட்டும் உள்ளேயே நின்றது. மறுபடி சொன்னேன். போதாது என்றாள். மறுபடி சொன்னேன். எழுந்து நின்று சொல்லச் சொன்னாள், நின்றேன். ஐந்தாவதோ ஆறாவதோ தடவை, வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மராட்டிக்காரி உள்ளே தலையை நீட்டி, யார் யாரை அடித்தது என்று ஹிந்தியில் கேட்டாள்.

அவளுக்குப் பதில் நான்தான் சொன்னேன். ஹிந்தியிலேயே சொன்னேன்.